மனிதர் நாற்பத்திரண்டு, விலங்குகள் பதினொன்று

மூன்று மணிக்கு வருவதாக அந்த அம்மா கடிதத்தில் எழுதியிருக்கிறார். இப்போது இரண்டு அடித்து ஐந்து நிமிடம். மிச்சமிருக்கிற ஐம்பத்தைந்து நிமிடத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று தெரிந்தும், மாடியில் மியூசியம் லேபில் உட்கார முடியாமல் துணியை எடுத்துக்கொண்டு இந்தப் படத்துக்கு முன்னால் வந்து நிற்கிறேன், கண்ணாடியைத் துடைக்க. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. "விட்டா கண்ணாடி தேஞ்சு போயிரும் மேடம்" என்று காவலுக்கு இருக்கிற ஷாகுல் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னார். தேயட்டும். தேய்ந்து ஓட்டை விழுந்து, நாலு கறையான் உள்ளே புகுந்து, அந்த அம்மா வருவதற்குள் படத்தையே தின்று தீர்த்துவிடட்டும். சீ, என்ன நினைப்பு இது. இருபத்து மூன்று வருஷமாகக் கறையானிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் காகிதத்தைக் காப்பாற்றிச் சம்பளம் வாங்குகிறவள் நினைக்கிற நினைப்பா? ஆனால் நினைத்தேன், நினைத்தபோது ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்று இடிக்கிறது, ரிப்பேர் செய்யச் சொல்லி நாலு மாதம் ஆகிறது. கண்ணாடியில் ஒரு விரல்ரேகைகூட இல்லை. என் முகம்தான் தெரிகிறது, அதற்குப் பின்னால் அவர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மூன்றரை அடி நீளம், ஒன்றரை அடி உயரம், கெட்டிக் காகிதத்தில் இந்தியன் இங்க். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது கப்பலில் இடம் கிடைக்காமல் காட்டு வழியாகவே இந்தியாவுக்கு நடந்து வந்த நம் ஜனங்கள். வரைந்தவரும் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்தான், இராசப்பா. பிறகு இந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து, எழுபத்து நாலில் படத்தை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இடமிருந்து வலமாகப் போகிறார்கள். கூட்டத்தின் கடைசியில் தகரப்பெட்டி சுமக்கும் ஒரு கிழவர், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கிழவர். ஆறு மாடு, இரண்டு ஆடு, ஒரு நாய், கூண்டில் ஒரு கிளி, தூரத்தில் மலைச்சரிவில் ஒரு யானை. மனிதர்களுக்குக் கண் இல்லை. மாஸ்டருக்கு வரையத் தெரியாமல் இல்லை, கால் விரல் நகம்வரைக்கும் வரைந்திருக்கிறார். ஆனால் மனித முகம் என்றால் ஒரு வளைவு, நெற்றிக்குக் கீழே கொஞ்சம் நிழல், அதோடு விட்டுவிட்டார். மாடுகளுக்குக் கண் உண்டு. நாய்க்கு உண்டு, திரும்பிப் பார்க்கிற கண். கிளிக்குக்கூட ஒரு புள்ளி. நடந்தவர்களுக்குப் பார்க்கத் தெம்பில்லாமல் போயிருக்கும், பார்க்கிற வேலையை மிருகங்களிடம் கொடுத்துவிட்டார்கள் போல. நடுவில், நாய்க்கு ஓர் எட்டு முன்னால், ஒரு பெண். வலது இடுப்பை ஒடித்துக்கொண்டு நடக்கிறாள். காதோரம் மூன்று சின்னக் கோடுகள், தோடு. வலது கையை வளைத்து இடுப்பில் அணைத்துப் பிடித்திருக்கிறாள். அந்தக் கைக்குள் ஒன்றும் இல்லை.

இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் படத்திலிருந்து ஒரு குழந்தையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். கறையை அகற்றினேன், சீர்செய்தேன் என்று வேறு எப்படிச் சொன்னாலும் அது நடந்ததைச் சொன்னதாகாது. மறுநாள் கண்காட்சி, சுவரில் பெயர்ச்சீட்டு ஒட்டியாயிற்று, பதினெட்டுப் படம் என் மேஜையில். இதை விரித்தால் அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கறைக்குள் ரேகை. ஒரு விரல்ரேகை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் தொழிலில் விரல்ரேகையைப் போல ஆகாதது வேறு இல்லை. சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள், கையுறை இல்லாமல் தொடாதே, தொட்டவன் ரேகை நூறு வருஷத்துக்கு நிற்கும் என்று. எவனோ ஒரு கிளார்க் டைப்ரைட்டருக்கு நாடா மாற்றிய கையோடு படத்தைத் தூக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். யார் அவன், எந்த வருஷம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பிளேடை எடுத்தேன். ஸ்கால்பெல்லைச் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி, காகிதத்தின் தோலுக்கு மேல் மையை மட்டும் மாவு மாவாக எடுப்பது. எனக்கு அதில் நல்ல பெயர். வெளி மியூசியத்திலிருந்துகூட அனுப்பி வைப்பார்கள். மொத்தம் நாற்பது நிமிடம். முடித்ததும் படத்தின் பராமரிப்பு அட்டையில் எழுதினேன்: "விரல்ரேகைக் கறை, ஈ எச்சம் ஒன்று, அகற்றப்பட்டன." கையெழுத்து, தேதி. டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு வடை நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

கண்காட்சி முடிந்து ஒரு வாரம் கழித்து ஷாகுல் அண்ணன்தான் கேட்டார். "என்ன மேடம், இந்தப் பொம்பள வெறும் இடுப்பயா இப்படிக் கட்டிப் பிடிச்சிட்டுப் போறா? புள்ள எங்க?" அவர் சும்மாதான் கேட்டார். எட்டு மணி நேரம் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர், ஏதாவது கேட்கத்தானே செய்வார். அன்று எல்லாரும் போன பிறகு பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எழுபத்து நாலாம் வருஷம், இந்தியன் இங்க்கிலேயே எழுதிய எழுத்து. பதிவுகளை நாங்கள் அதில்தான் எழுதுவது, மங்காது என்பதற்காக. "மனிதர் 42, விலங்குகள் 11." பக்கத்தில் சின்னதாக, "மனிதர் எண்ணிக்கை, கொடுத்தவர் சொன்னபடி." அப்படி ஒரு குறிப்பை நான் வேறெந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை. அன்றைக்கு எழுதிய குமாஸ்தா எண்ணிப் பார்த்திருப்பார், நாற்பத்தொன்றுதான் வந்திருக்கும். கொடுக்க வந்தவர் இல்லை, நாற்பத்திரண்டு என்று நின்றிருப்பார். கறைக்கு அடியில் ஒருத்தர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். நான் எண்ணினேன். இடமிருந்து எண்ணினேன், வலமிருந்து எண்ணினேன், பென்சில் முனையை ஒவ்வொரு தலையிலும் வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. அன்றிலிருந்து இந்த ஹாலைக் கடக்கும்போதெல்லாம் எண்ணுகிறேன், எண்ணக்கூடாது என்று தரையைப் பார்த்து நடந்தால் கால் எண்ணுகிறது. இப்போதும் எண்ணிவிட்டேன். நாற்பத்தொன்று. மணி இரண்டு பதினேழு.

கடிதம் என் பையில் இருக்கிறது. கையால் எழுதியது, வரி மேலேறி மேலேறிப் போகிறது. "டிராயிங் மாஸ்டர் இராசப்பா அவர்களின் மகள் சிவகாமு எழுதிக்கொள்வது. எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. சென்ற மாதம் கண் ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாகத் தெரிகிறது. அப்பா வரைந்த படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஓர் உதவியும் கேட்க வேண்டும், நேரில் சொல்கிறேன்." டைரக்டர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார், "லேப் பொறுப்பு நீங்கதானே, நீங்களே பாத்து அனுப்பிருங்க." போன் செய்து வாருங்கள் என்று சொன்னதும் நான்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆறு வருஷத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுபோகும் என்று இருந்துவிட்டேன். இப்போது பூலோகம் ஆபரேஷன் செய்த கண்ணோடு ஆட்டோ பிடித்து வந்துகொண்டிருக்கிறது. என்ன சொல்ல? பழைய படம், மை மங்கிவிட்டது என்று சொல்லலாமா? தண்ணீர்க் கலர் என்றால் சொல்லலாம், பேனா மை என்றால் சொல்லலாம். இந்தியன் இங்க் கரி அல்லவா, அது மங்குமா? வெயிலுக்கும் போகாது, தண்ணீருக்கும் போகாது. டிராயிங் மாஸ்டர் மகளுக்கு அது தெரியாமலா இருக்கும், கையில் பட்ட மையைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து அம்மாவிடம் அடிவாங்கி வளர்ந்திருப்பார். பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லலாம். பூச்சி எது? குழந்தையை மட்டும் தேடித் தின்று, அம்மாவின் கையை அப்படியே விட்டுவிட்டுப் போகிற பூச்சி எது?

உன் கைக்கு மூளை கிடையாதுடி என்று என் அம்மா சொல்வாள். அப்பா செத்த மூன்றாம் நாள் வீட்டில் கிடந்த துணியையெல்லாம் ஊறவைத்துத் துவைத்துப் போட்டேன், வந்தவர்கள் போனவர்கள் படுத்த பாய், போர்வை, கூடவே அப்பாவின் தலையணை உறையும். நல்லெண்ணெய் வாசம் வரும் அதில், நடுவில் தலை பட்டுப் பட்டுப் பழுப்பு வட்டமாக இருக்கும். அந்த வட்டத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தேன். அழுதுகொண்டேதான் தேய்த்தேன், ஆனால் போகும்வரை விடவில்லை. சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போது அம்மா வாங்கி முகத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். திரும்பவும் வைத்துப் பார்த்தாள். "சுத்தமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை, சுத்தம் செய்கிற வேலையையே உத்தியோகமாகவும் பிடித்துக்கொண்டேன். அம்மா போய்ப் பதினொரு வருஷமாகிறது. அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்று குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, அதை மட்டும் நான் தொடவில்லை. பல் தேய்க்கும்போது பார்ப்பேன். இப்போதெல்லாம் அதுவும் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

கறைக்கு அடியில் இருந்த அந்தப் புள்ளி. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. கறை மேல் படலமாகப் போய்க்கொண்டிருந்தது, விரல் மை மெலிசு, இரண்டு மூன்று தடவை வைத்து அழுத்தியதால் கறுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அது போகப் போக அடியில் கோடு. ஒரு வளைவு. நான் அதைக் காகித மடிப்பு என்று நினைத்தேன். நினைத்தேனா? பிறகு புள்ளி. கடுகில் பாதி. ஈ எச்சம் என்று வாய்விட்டே சொன்னேன், பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தும் சொன்னேன். பழைய படங்களில் ஈ எச்சம் சாதாரணம், ஆயிரம் எடுத்திருக்கிறேன். ஈ எச்சம் குமிழாக நிற்கும், பிளேடு பட்டால் உதிரும். இது உதிரவில்லை. காகிதத்துக்குள் இறங்கியிருந்தது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை விட்டிருந்தது. எந்த ஈக்கு நடுவில் வெள்ளை விடத் தெரியும்? நாற்பத்தொரு மனிதருக்கு வைக்காத கண்ணை அதற்கு மட்டும் வைத்திருந்தார். அது திறந்திருந்தது. லென்ஸுக்குள் என் கண்ணும் அதுவும் மட்டும்தான். பார்த்தேன். தெரிந்தது. இல்லை, தெரியவில்லை. தெரிந்து, தெரிந்தது என்று நான் எனக்குச் சொல்வதற்குள் கை இன்னொரு தடவை இழுத்துவிட்டது. மறுபடியும் ஒரு தடவை. அப்படித்தான் நடந்ததா, இல்லை தெரிந்தபிறகு இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது, பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு யாருக்குப் பதில் சொல்வது என்று முழுசாக எடுத்தேனா? ஆறு வருஷமாக இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அல்லது தெரியும்.

தாளிக்கும்போது கடுகு வெடிக்காமல் எண்ணெயில் ஒன்று நிற்கும், நடுவில் ஒரு மினுக்கோடு. அடுப்பை அணைத்துவிடுவேன். பஸ்ஸில் முன் சீட்டில் தோள்மேல் கிடக்கிற குழந்தை பின்னால் திரும்பிப் பார்க்கும், எல்லாக் குழந்தையும் பார்க்கிற மாதிரிதான், நான் எழுந்து போய்க் கூட்டத்தில் நின்றுகொள்வேன். தூக்கத்தில் அது அழுவதில்லை, கேட்பதில்லை, ஒன்றும் செய்வதில்லை. அழுதால் சமாதானம் செய்யலாம். பார்க்கிறது, அவ்வளவுதான். பிளேடு வருவதைப் பார்க்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போகும் என்ற பயம் இல்லை, அதுவும் கொஞ்சம் இருக்கிறது, இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. ஆனால் இது வேறு. அந்த அம்மாவுக்கும் அந்தக் கண்ணே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"மேடம், ஒங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க." ஷாகுல் அண்ணன். மணி இரண்டு நாற்பது. இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். குள்ளமாக, கதர்ச்சேலை, ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கொடுக்கிற கறுப்புக் கண்ணாடி, கையில் தண்ணீர் பாட்டில். யாரும் கூட வரவில்லை. ஹாலுக்குள் வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நான் முதலில் கண்ணைத்தான் பார்த்தேன். சாதாரணக் கண், கொஞ்சம் சிவந்து, நீர் கோத்து.

"நீதானாம்மா நீலவேணி? போன்ல பேசுனது?"

"ஆமாம்மா. உக்காருங்க, தண்ணி குடிங்க."

"உக்காரதுக்கா வந்தேன்? எழுபத்து நாலுல இத எங்க வீட்ட விட்டுக் கொண்டுவந்தாரு அப்பா. அதுக்கப்புறம் நான் பாக்கல. அம்மா பாக்க விடல. அவ இருக்கவரைக்கும் இந்த மியூசியம் இருக்க தெருப் பக்கமே வரக்கூடாதும்பா." படத்தின் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார், கிழவர்களிடமிருந்து. மெதுவாக நகர்ந்தார். ஒரு மாட்டுக்கு ஒரு நிமிடம். நான் அவருக்கும் படத்துக்கும் நடுவில் போய் விழுந்துவிடலாமா என்று நினைத்தேன், மயக்கம் வந்த மாதிரி. நடக்கிற காரியமா? பேசிக்கொண்டே போனார், படத்தைப் பார்த்தபடியே, நான் இருக்கிறேனா என்றுகூடத் திரும்பவில்லை. "எனக்கு ஒரு அக்கா. அஞ்சல. ஒன்றர வயசு. நான் பாத்ததில்ல, நான் இங்க வந்து பொறந்தவ. வழியில காச்சல் கண்டு போயிட்டா, எந்த எடம்னு சொல்ல ஊரு கெடையாது, காடு. அம்மா எறக்கி விடலயாம். ரெண்டு நாளு தூக்கிட்டே நடந்திருக்கா. அப்பா புடுங்கித்தான் பொதச்சாராம். இங்க வந்து ஏழு வருசம் கழிச்சு இந்தப் படத்தப் போட்டாரு. போட்டு முடிச்சுட்டு அம்மாவக் கூப்புட்டுக் காமிச்சிருக்காரு. அவ எட்டத்துல நின்னு பாத்தா, மைக்கூட்டுல கட்டவெரல முக்கி அக்கா மேல வச்சு அமுக்கிட்டா. செத்த புள்ளய வரஞ்சு வச்சிருக்கீங்களே, நீங்களும் ஒரு மனுசனான்னா. அப்பா, இல்லடி, நான் உசுரோடதான் வரஞ்சேன், நல்லாப் பாரு, அவ முழிச்சுக்கிட்டு வாராடின்னாரு. இனிமே எங்க பாக்குறது, மை காஞ்சு போச்சே."

காகிதத்தில் விழுந்தது கிளார்க்கின் கை இல்லை. நாடா மை இல்லை. நான் லென்ஸ் வைத்துப் பார்த்துத் திட்டியது அந்தத் தாயின் ரேகையை.

"நாப்பது வருசம்மா, அப்பா சாகுறவரைக்கும் அதே சண்ட. செத்த புள்ளயத்தான் வரஞ்சீங்கன்னு அவ. இல்ல, முழிச்சிருக்கான்னு இவரு. சோறு வைக்கிறப்பகூட அதான். அவரு போனப்புறம் அம்மா அத விட்டுட்டான்னு நெனச்சேன். கடைசியில படுக்கையில கெடந்து என்னையக் கேக்குறா, அந்த மைய எடுத்துப் பாக்க முடியாதாடி, கண்ணு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுன்னு. பாக்குறேன்மான்னு வாக்குக் குடுத்துட்டேன். அவ போயி எட்டு வருசமாச்சு. எனக்குக் கண்ணு தெரியல, இல்லாட்டி எப்பவோ வந்திருப்பேன். இப்பல்லாம் மிசினு இருக்காம்ல. அந்தக் கறைய எடுத்து அடியில இருக்கத எனக்குக் காட்டணும். அதான் உதவி." நாயைத் தாண்டிவிட்டார். நின்றார். நெற்றி கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்தார். மின்விசிறி எத்தனை தடவை இடித்தது என்று எண்ணினேன், ஒன்பது.

"கறையக் காணோமே" என்றார். பிறகு, "புள்ளயவும் காணோமே."

"நான்தான் எடுத்தேன்மா." குரல் என்னுடையதுதான். "ஆறு வருஷத்துக்கு முன்னால. யாரோ கை வச்ச அழுக்குன்னு நெனச்சுச் சுரண்டிட்டேன். அதோட குழந்தையும் போயிருச்சு. யார்கிட்டயும் சொல்லல."

அவர் திரும்பவில்லை. ஷாகுல் அண்ணன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். அந்த அம்மா உட்கார்ந்தார். பாட்டில் மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். அழுவார் என்று நினைத்தேன். கத்துவார், டைரக்டரைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். "எங்கம்மா வெரலும் அதுலதான் இருந்துச்சு" என்றார். "ரெண்டு பேரையும் எடுத்துட்ட." கையிலிருந்த துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அவர் தலையைத் தூக்கினார். "எடுக்கறப்ப பாத்தியா? அடியில?"

"பாத்தேன்."

"கண்ணு?"

ஆறு வருஷமாக நான் ஓடி ஒளிந்த இடம் அது. இத்தனை நாள் அது என்னைப் பார்த்தது என்றுதான் பயந்தேன். அது பார்த்தது என்பதே ஒரு சேதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. "திறந்திருந்துச்சும்மா" என்றேன். "நல்லாத் திறந்திருந்துச்சு. நடுவுல ஒரு வெள்ளை விட்டிருந்தாரு, வெளிச்சம் பட்ட மாதிரி. வேற யாருக்கும் கண்ணு வைக்கல, பாருங்க, அவளுக்கு மட்டும்தான் வச்சிருந்தாரு."

"என் மனசு தேறட்டும்னு சொல்றியா?"

"இல்லம்மா. பொய் சொல்றதா இருந்தா மங்கிப்போச்சுன்னு சொல்லியிருப்பேன்."

என்னை உற்றுப் பார்த்தார். நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாயும் இல்லை, அழித்தவளே சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்? ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன், எத்தனையோ நூறு தடவை தேடிய இடத்திலேயே. கை, இடுப்பு, கழுத்து. "அவ்வளவு சுத்தமாப் போயிருச்சும்மா. இந்தத் தோடு வரைக்கும்தான் கறை இருந்துச்சு, தோட்ட நான் தொடல."

"தோடா? யாருக்குத் தோடு?"

"அம்மாவுக்கு. காதுல, இந்தா, மூணு கோடு."

"எங்கம்மா காதுல தோடு ஏது? ஆத்தக் கடக்க ஓடக்காரனுக்குக் கழட்டிக் குடுத்துட்டுல்ல வந்தா. மூளிக் காதோடதான் நடந்தேன்னு சாகுறவரைக்கும் சொல்லுவா." எழுந்தார். நானும் குனிந்தேன். அவர் தலையும் என் தலையும் இடித்துக்கொண்டன. மூன்று கோடு. ஒவ்வொன்றும் முனையில் துளி வளைந்து, காது மடலைச் சுற்றி. ஒன்றின் நுனியில் மயிரிழையாய் ஒரு நகம். மாஸ்டர் நகம்வரைக்கும் வரைகிறவர் ஆயிற்றே. கறை படாமல் வெளியே தப்பியிருக்கிறது, என் பிளேடும் படாமல். ஆறு வருஷமாக எண்ணிய எண்ணில் இதை நான் நகையோடு சேர்த்துவிட்டேன்.

"வெரலு" என்றார் அந்த அம்மா. தன் கட்டைவிரலைக் கண்ணாடிமேல் அந்த இடத்தில் வைத்தார். "காதப் புடிச்சிருக்கா. செத்த புள்ள காதப் புடிக்குமா? ஏம்மா, அந்தாளு அத்தன தடவ சொன்னாரே, நீ கேட்டியா?" அது எனக்குச் சொன்னது இல்லை. அப்போதுதான் அழுதார், சத்தமில்லாமல், விரலை எடுக்காமல். நானும் அழுதேன், எனக்கு அதற்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, வந்தது. பிறகு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, டாக்டர் தேய்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம், என்னைப் பார்த்தார். "ஒன்ன மன்னிக்கத் தோணல தாயி. நெசமாத்தான் சொல்றேன். எங்க மூணு பேருக்கும் இருந்தது அந்த ஒரு கண்ணு. அப்பா வரஞ்சாரு, அம்மா மூடிட்டா, நான் பாக்கவே இல்ல. பாத்தவ நீ ஒருத்திதான். நீயும் போயிட்டா யாரு சொல்லுவா? எழுதி வையி."

மாடிக்குப் போய் அட்டையை எடுத்து வந்தேன், பதிவெழுதுகிற பேனாவையும் இந்தியன் இங்க் புட்டியையும். ஸ்டூல்மேல் வைத்தேன். கீழே தரையில் உட்கார்ந்துதான் எழுத முடிந்தது. "விரல்ரேகைக் கறை" என்பதை அடித்துவிட்டு "தாயின் கட்டைவிரல்" என்று எழுதினேன். "ஈ எச்சம்" என்பதை அடித்துவிட்டு "குழந்தையின் கண்" என்று எழுதினேன். "அகற்றப்பட்டன" என்பதை அடித்து "அறியாமல் சுரண்டி அழித்தேன்" என்று எழுதி, கொஞ்சம் யோசித்து "அறியாமல்" என்பதையும் அடித்தேன். கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். நாளைக் காலையில் இது டைரக்டர் மேஜைக்குப் போகும், அதற்கப்புறம் நடப்பது நடக்கட்டும். கண்ணாடியில் கட்டைவிரல் அடையாளம் அப்படியே இருக்கிறது, துணி என் மடியில் கிடக்கிறது. சிவகாமு அம்மா அட்டையை வாங்கி எட்டப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"கண்ணுன்னு மட்டும் எழுதுனாப் பத்தாது" என்று திருப்பிக் கொடுத்தார். "தொறந்திருந்துச்சுன்னு எழுது."